களாச்சாறும் பனங்கற்கண்டும்

தையல்நாயகிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றியே என் சொம்பு தேய்ந்துபோயிற்று என்று அக்கம்பக்கத்தில் கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம் சொன்னேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. தண்ணீர் கேட்கிறவளைப் பார்த்துச் சிரிக்க ஊரில் வேறு யாருக்கு வேண்டுமானாலும் உரிமை உண்டு, எனக்குக் கிடையாது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் வரலட்சுமி. நெல்லித்தோப்பில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் காலமான பிறகு, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டர் தமிழர்தான். ஆனால் படிப்பெல்லாம் பிரெஞ்சில். சிறுநீர் என்ற சொல் அவர் வாயில் வராது. சின்னக் குழந்தைகள் சொல்கிற மாதிரி ‘பிப்பி’ என்பார். எண்பது வயதுக் கிழவரிடமும் பிப்பி கொண்டுவந்தீர்களா என்றுதான் கேட்பார். அந்தப் பிப்பியில் எட்டுச் சொட்டு எடுத்து, கண்ணாடிக் குழாயில் இருக்கும் நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்பது என் வேலை. நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் சர்க்கரை இருக்கிறது. செங்கல் நிறம் வந்துவிட்டால் நிறைய இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேருடையதைக் காய்ச்சுவேன். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீருக்கு வெளியே போவது, சாப்பிட்டும் உடம்பு இளைப்பது, இதெல்லாம் சர்க்கரை வியாதியின் அடையாளம் என்று வருகிறவர்களுக்கு நானே பெரிய மனுஷி போல எடுத்துச் சொல்வேன். என் வீட்டு வாசலில் ஒருத்தி நின்று தினமும் இரண்டு சொம்பு, மூன்று சொம்பு என்று குடித்துவிட்டுப் போனாள். வெயிலில் நடக்கிறவளுக்குத் தாகம் எடுக்காதா என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காசு வாங்குகிற இடத்தில் மட்டும் வேலை செய்த மூளை அது.

தையல்நாயகி வீராம்பட்டினத்து மீன்காரி. வாசலில் கூடையை இறக்கினால் தெருவே அவள் குரலில் எழுந்துகொள்ளும். விடியுமுன் கரைக்குப் போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, கரைக்கு வரும் கட்டுமரத்தில் மீனைப் பார்த்து ஏலத்தில் எடுப்பாள். ஈரப் புடவையோடு கூடையைத் தலையில் ஏற்றி, அரியாங்குப்பம் பாலம் தாண்டி, முருங்கப்பாக்கம் வழியாக நடந்து நெல்லித்தோப்புக்கு வருவாள். கூடையிலிருந்து ஒழுகுகிற நீர் முதுகில் இறங்கி, புடவை மறுபடி நனையும். அந்தப் புடவை அவள் உடம்பிலேயே நனைந்து, உடம்பிலேயே காய்ந்து, உப்புப் பூத்து நிற்கும். பதினைந்து வயதில் கல்யாணம் ஆன நாளிலிருந்து இருபத்தைந்து வருஷம் இதுதான் அவள் நடை. கொடி மாறியபோதும், பணம் மாறியபோதும், துரைமார் கப்பல் ஏறிப் போனபோதும் அவள் அதே வழியில்தான் நடந்துகொண்டிருந்தாள். ஒரே மகள், காரைக்காலில் கட்டிக் கொடுத்திருந்தாள். வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரர் இருசப்பனும்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம் கார்த்திகை மாத மழையில்தான் அவளுக்கு அந்த உபத்திரவம் தொடங்கியது. கீழே அரிப்பு. வெள்ளைப்படுதல். ஒன்றுக்குப் போனால் நெருப்பு வைத்த எரிச்சல். பொம்பளைகளுக்கு வருகிற சூடுதான் என்று முதலில் விட்டுவிட்டாள். இளநீர் குடித்தாள். சோற்றுக் கற்றாழையைக் கழுவித் தின்றாள். நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகினாள். நாலு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் மறுபடி வரும். கூடையைச் சுமந்து நடக்கையில் தொடையெல்லாம் உரசிப் புண்ணாகிவிடும். வழியில் உட்கார்ந்து எழவும் முடியாது, நின்று சொறியவும் முடியாது. தலையில் கூடை, இரண்டு கையும் மேலே. அதை எனக்குச் சொன்னபோது அவள் அழவில்லை. சொல்லி முடிக்கிற அளவுக்குக்கூட அவளிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஊரில் ஒரு பொம்பளைக்கு இப்படி ஒரு நோய் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். எதனால் வந்தது என்று கேட்க ஒருவர் இருக்கமாட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போய்வந்த சொல்தாக்கள் சிலர் வீட்டில் அந்தக் கெட்ட நோய் வந்து பெண்டாட்டிமார் பட்ட பாட்டை அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் சொல்தா இல்லை, கடலுக்குப் போகிறவர். ஆனால் ஐம்பத்திரண்டில் ஒரு பருவம் முழுக்க மீன் பாடு இல்லாமல், கப்பல் சரக்கு வந்து இறங்குகிற துறைமுகப் பாலத்தில் மூட்டை இறக்கப் போயிருந்தார். அப்போது சேர்ந்த கூட்டாளிகள் சரியில்லை என்று அவளுக்கு அந்தக் காலத்திலேயே ஒரு குறை.

தை மாதம் ஒரு சாயங்காலம், அரிப்பில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே குழம்பு கொதிக்கவிட்டவள், மீன் சிறியதாக இருக்கிறது என்று ஏதோ சொன்ன வீட்டுக்காரரைப் பார்த்து, “பாலத்துல மூட்டை தூக்கப் போன காலத்துல எவகிட்ட போய் இத வாங்கியாந்து எனக்குக் குடுத்தே” என்று கேட்டுவிட்டாள். வாய்க்கு வந்தது கேட்டாள். இருசப்பன் தட்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். பிறகு, ஒரே ஒரு தடவை போனேன் என்றார்.

இதைச் சொல்லும்போது தையல்நாயகி என் முகத்தைப் பார்க்கவில்லை, கூடையில் இருந்த வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். “நான் சும்மா கோவத்துல கேட்டேன் யம்மா. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். அந்த ஆளு இல்லன்னு சொல்லல” என்றாள்.

அன்று அவர் எழுந்து போய்க் கடற்கரையில் வலை போட்டு வைக்கிற கொட்டகையில் படுத்துக்கொண்டார். மறுநாள் வந்து வாசலுக்கு வெளியே நின்று, உனக்கு நல்லாவுற வரைக்கும் இந்த வாசப்படியை நான் மிதிக்கமாட்டேன் என்று சொன்னார். அவளும் மிதிக்க வேண்டாம் என்றாள். ஊரில் கேட்டவர்களுக்கு வலைக்குக் காவல் என்று சொன்னார்கள். அவள் சோற்றை ஆக்கிச் சட்டியில் மூடி வாசலில் வைப்பாள். அவர் எடுத்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பேச்சு என்றால் ஒன்றுதான். அவர் கேட்பார், எப்படி இருக்குது. அவள் சொல்வாள், அப்படியேதான் இருக்குது.

இந்த நேரத்தில்தான் களாக்காய் வந்தது. வெள்ளைக்காரர் இருக்கும் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் செல்வாம்பாள் என்று ஒரு சமையல்காரி இருந்தாள். தையல்நாயகியிடம் மீன் வாங்குகிறவள். அந்த வீட்டு மதாமுக்குக் கனடா தேசத்திலிருந்து அவள் அக்கா ஒரு சாறு அனுப்புவாளாம். சின்னச் சின்னச் சிவப்புப் பழம், வாயில் வைக்க முடியாத புளிப்பு, அதைப் பிழிந்து எடுத்தது. பொம்பளை நோய்க்கு, கீழ் எரிச்சலுக்கு, மதாம் அதைத்தான் தினம் ஒரு கிளாஸ் குடிக்கிறாள் என்று செல்வாம்பாள் சொல்லியிருக்கிறாள். பழத்தின் பெயர் அவளுக்கு வாயில் நுழையவில்லை. ஆனால் நம்ம களாக்காய் பழுத்தால் என்ன நிறமோ அந்த நிறம், அதே புளிப்பு என்று சத்தியம் செய்தாளாம். தையல்நாயகி இதை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கவில்லை. வாசலில் நின்றபடி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அவர் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாளோ என்னவோ, விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த மனுஷன் பட்டதைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகாத நாளில் தவளக்குப்பத்துக்கு மேற்கே மேட்டு நிலத்துப் புதர்களில் நுழைந்து களாப்பழம் பறிப்பார். களாச் செடி முள் தெரியும்தானே, உள்ளே போன கையைச் சும்மா வெளியே விடாது. கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை, அதையும் கிழித்துவிடும். பழத்தைக் கொண்டுவந்து கொட்டகைக்கு வெளியே அடுப்பு மூட்டி, மண்சட்டியில் வேகவைத்து, துணியில் கட்டிப் பிழிவார். அந்தப் புளிப்பை எந்த மனுஷியும் குடிக்க முடியாது. அதோடு நோயோ சூட்டு நோய். சூட்டுக்குக் குளிர்ச்சி பனங்கற்கண்டு. இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். ஆகவே நல்ல கற்கண்டாகப் பார்த்து வாங்கி, சாற்றுக்குச் சரிபாதி போட்டு, பாகாகக் காய்ச்சி, பழைய ஒயின் பாட்டில்களில் ஊற்றித் தக்கை அடைப்பார். பழம் இல்லாத மாதங்களுக்கும் சேர்த்து வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பாட்டில் வாசலில் இருக்கும்.

அவள் குடித்தாள். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். கூடை தூக்கும் முன் ஒரு வாய் கூடவே ஊற்றிக்கொள்வாள், நடக்கத் தெம்பாக இருக்கிறது என்று. குடிக்கக் குடிக்க அரிப்பு ஏறியது. அரிப்பு ஏற ஏற, பாவம் பெரிது போலிருக்கிறது என்று அவர் இன்னும் கொஞ்சம் கற்கண்டு போட்டார். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. அவர் செய்ததற்குக் கடல் தாய் கொடுத்த தண்டனை, ஆனால் கொடுத்தது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை என்று பின்னால் ஒரு முறை என்னிடம் சொன்னாள்.

இத்தனையும் எனக்குத் தெரியவந்தது ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆவணியில். அன்றைக்கு என் வாசலில் மூன்றாவது சொம்பையும் குடித்துவிட்டு நாலாவதாகக் கேட்டாள். நான் கிணற்றடிக்குப் போய்வர அலுத்துக்கொண்டு, குடத்தோடு கொண்டுவந்து வைக்கட்டுமா என்று சள்ளென்று விழுந்தேன். வழக்கமாக இதற்கு அவள் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அன்று பேசாமல் சுவரில் சாய்ந்துவிட்டாள். தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. உட்காரச் சொன்னேன். உட்கார முடியாது என்றாள். ஏன் என்றேன். அப்போதுதான் எல்லாம் வந்தது, அரிப்பு, தட்டில் கை வைத்தபடி அவர் சொன்னது, களாச்சாறு, கற்கண்டு, எல்லாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது போல, “தோட்டத்துல ஓலத் தட்டி வச்சி மறப்புக் கட்டியிருக்கேன் யம்மா, அங்க குந்தி எழுந்தா எறும்பு வந்து மொய்க்குது. எத்தினி தண்ணி ஊத்தினாலும் போவல” என்றாள்.

மூத்திரத்தில் எறும்பு மொய்க்கிறது என்றால் அதில் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். இரண்டு வருஷமாக நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கு வரும்போது உன் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வா என்றேன். மீன்காரியிடம் போய் பிப்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கொண்டுவந்தாள். எதில் கொண்டுவந்தாள் என்றால், களாச்சாறு குடித்துக் காலியான ஒயின் பாட்டிலில். காய்ச்சினேன். ஒரு கொதிக்கே செங்கல் நிறம். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பாகு ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கிறது. அப்பாடா, இது பாட்டிலின் சர்க்கரை, அவளுடையது இல்லை என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது. நானே சாம்பல் போட்டு ஒரு பாட்டிலைக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் அதில் பிடித்து வந்தாள். அதுவும் செங்கல் நிறம்தான். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விளக்கை அணைக்காமலே நின்றேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆண் டாக்டரிடம் காட்டமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில், டாக்டர் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க, நான் அந்தப் பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்துச் சொன்னேன். செக்கச்செவேல் என்று வெந்துபோய், பால் திரிந்தது போல வெள்ளை அப்பிக்கொண்டிருந்தது. இதோடு எப்படி நடந்தாள், எப்படி என் வீட்டு வாசலில் நின்று பேரம் பேசினாள் என்று எனக்குப் புரியவில்லை.

டாக்டர், அது காளான் என்றார். ரொட்டிக் கடையில் மாவைப் பொங்க வைக்கிறார்களே, அந்த இனத்தைச் சேர்ந்தது. எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும், சும்மா கிடக்கும். சர்க்கரையும் ஈரமும் கிடைத்தால் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும் என்றார். இவளுக்கு உடம்பு பூராவும் சர்க்கரை, இடுப்புக்குக் கீழே எந்நேரமும் ஈரம். புருஷன் கொடுத்துத்தான் வரவேண்டும் என்று இல்லை. கன்னிப் பெண்ணுக்கும் வரும், கிழவிக்கும் வரும். இருந்தாலும் மனசில் சந்தேகம் இருக்கிறதால் இரண்டு பேர் ரத்தத்தையும் சோதித்துவிடலாம், வீட்டுக்காரரை வரச் சொல் என்றார்.

இருசப்பனை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். கட்டையான மனுஷன், தலை பாதி நரை. அவள் முன்னால் வர, பத்தடி பின்னால் வந்தார். அவள் பெஞ்சில் உட்கார, அவர் கதவுக்கு வெளியே நின்றார். ஊசிக்குக் கையை நீட்டியபோது முழங்கை வரைக்கும் முள் கீறல். பழையது ஆறி வெள்ளைக் கோடாகவும், புதியது சிவந்தும் இருந்தது. ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினோம். எட்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது. இரண்டு பேருக்கும் அந்தக் கெட்ட நோய் இல்லை. எப்போதும் இருந்ததில்லை என்றே டாக்டர் சொன்னார்.

நான் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ நானே காப்பாற்றிவிட்டவள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரில் ஒருவராவது ஒரு மூச்சு விடுவார்கள் என்று நினைத்தேன். இருசப்பன் டாக்டரைப் பார்த்து, “அப்ப நான் காச்சிக் குடுத்த சாறு?” என்று கேட்டார்.

டாக்டர் ஒளிவு மறைவு தெரியாத மனுஷர். களாக்காய் ஒரு பாவமும் அறியாது, இந்த நோயை ஆற்றவும் ஆற்றாது, கூட்டவும் கூட்டாது. ஆனால் சர்க்கரை வியாதிக்காரிக்குத் தினம் இரண்டு வேளை கற்கண்டுப் பாகு கொடுத்தால், அந்தக் காளானுக்கு நீங்களே சோறு போட்டு வளர்த்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டார். எனக்கு அவர் வாயைப் பொத்தலாமா என்று இருந்தது. இருசப்பன் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

தையல்நாயகியிடம், இனிமேல் என்ன, அவர்மேல் பழி இல்லை என்று ஆகிவிட்டதே என்றேன். எல்லாம் தீர்ந்துபோனது என்ற நினைப்பில் கேட்ட கேள்வி அது. அவள் மருந்துச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டே, “நோயி அவரு குடுத்தது இல்லன்னு ஆயிடுச்சு, சந்தோசந்தான். அவரு போனது போனதுதான யம்மா. நானா கேட்டிருக்காட்டி எனக்குத் தெரிஞ்சேயிருக்காது. இப்ப தெரிஞ்சிபோச்சு. அத எந்த மருந்துல காச்சிக் கரைக்கிறது” என்றாள்.

வைத்தியம் ஒழுங்காக நடந்தது. இனிப்பு கூடாது, சோறு பாதி, கேழ்வரகுக் கூழ், காலையில் மாத்திரை. கீழே போட ஊதா மருந்து. புடவையில் பட்டால் ஏழு வெளுப்புக்கும் போகாத கறை. பாவாடையெல்லாம் ஊதாவாகிவிட்டது என்று அவள் சலித்துக்கொள்வாள். கரையில் ஏலம் முடிந்ததும் ஈரப் புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று நான் கறாராகச் சொன்னேன். இரண்டு புடவைக்கு எங்கே போவது என்றாள். என்னுடைய பழையது ஒன்றைக் கொடுத்தேன். என்ன பெரிய தர்மம், இரண்டு வருஷத் தண்ணீருக்கு ஒரு பழம் புடவை. அறுபதாம் வருஷம் பொங்கலுக்குள் அரிப்பு நின்றது. நானே விளக்கு வைத்துப் பார்த்தேன், சுத்தமாக ஆறியிருந்தது. நீல மருந்தில் காய்ச்சினால் லேசான பச்சையோடு நின்றது. அவள் என் வாசலில் ஒரு சொம்போடு நிறுத்திக்கொண்டாள். தெருவில் மறுபடி அவள் குரல் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

சித்திரை கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். இருசப்பன் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உள்ளே வாங்க என்றேன். வாசப்படி ஏறவில்லை. எங்கே போனாலும் வாசப்படிக்கு வெளியே நிற்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது போல. மோர் கொடுத்தேன், வெயிலில் நின்றபடியே குடித்தார். இன்னும் கொட்டகையில்தான் படுக்கை என்பது எனக்குத் தெரியாது. எல்லாம் சரியாகிப்போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “யம்மா, அவளுக்குச் சரியாவறதுக்கு இன்னும் எத்தினி நாளு ஆவும்? டாக்டரு ஏதாச்சும் சொன்னாரா? கேட்டா அப்படியேதான் இருக்குதுன்னு சொல்றா” என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டேகால் வருஷம் கொட்டகையில் கிடந்து, சட்டிச் சோறு தின்று, முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டவர் இப்படி வெயிலில் நின்று நாள் கேட்கிறாரே என்று அவர்மேலும் கோபம். ஆறின உடம்பை ஆறவில்லை என்று சொல்லி நாலு மாதம் இழுத்தடித்திருக்கிறாளே என்று அவள்மேலும் கோபம். யோசித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. “அவளுக்குச் சரியாகி நாலு மாசம் ஆச்சுங்க. நான்தான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டேன்.

தெருவில் ஒரு ஜட்கா போனது, அது தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரும், நேரே வீட்டுக்குப் போய் ஏண்டி என்று கேட்பார், கேட்கட்டும், அதற்குப் பிறகாவது ஏதாவது ஒன்று ஆகட்டும் என்று நான் காத்திருந்தேன்.

“நாலு மாசமா,” என்றார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப அவளுக்கு இன்னும் மனசு வரல. வர்ற அன்னிக்கு அவளே சொல்லட்டும். நான் வந்து கேட்டது அவளுக்குத் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா, மனசு வராமலே சரியாயிடுச்சின்னு சொல்லிப்புடுவா.”

டம்ளரைத் திண்ணை ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே முருங்கப்பாக்கம் பக்கம் நடந்தார். அன்று முழுக்க எனக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் தையல்நாயகி வந்தாள். கூடையை இறக்கிவைத்து, சங்கராவை எனக்காகத் தனியே எடுத்துப் போட்டாள். அரியாங்குப்பம் பாலத்தண்டை அவரை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் போல, குனிந்தபடியே, “எங்க வூட்டுக்காரரு நேத்து இங்க வந்தாரா யம்மா?” என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அவள் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள், தூக்கிவிட்டேன்.